பச்சைச் சூரியனும் பழைய வினையும்

1883 செப்டம்பர் 9ஆம் திகதி தொடங்கிச் சில நாட்கள் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. அடிவானத்துக்குச் சற்று மேலே பச்சை, ஏற ஏற நீலம், நடுப்பகலில் மங்கிய வெள்ளை, மாலையில் மறுபடியும் நீலமும் பச்சையும். கண் கூசாமல் நேருக்கு நேர் பார்க்க முடிந்தது என்று பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கண்டியைச் சுற்றிய மலைகளில் அப்போது கோப்பி பட்டுப்போய்க்கொண்டிருந்தது. 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் தோட்டம் தோட்டமாகத் தின்று தீர்த்த காலம் அது. துரைமார் கடனில் மூழ்கிக் கிடந்தார்கள். கடல் கடந்து வந்த தொழிலாளிக்கோ அடுத்த மாதம் வேலை இருக்குமா என்பதே நிச்சயமில்லை. அந்த நேரத்தில் சூரியனும் நிறம் மாறி எழுந்தால் ஒரு மனிதன் என்ன நினைப்பான்? இது யார் செய்த பாவம் என்றுதான் முதலில் கேட்பான்.

அப்படிக் கேட்பதில் இழுக்கு எதுவும் இல்லை. துன்பத்துக்கு ஒரு நியாயம் இருக்க வேண்டும் என்ற ஏக்கத்திலிருந்து எழுவது அது. சமயங்கள் எல்லாம் அந்த ஏக்கத்துக்குப் பதில் சொல்லவே முயன்றிருக்கின்றன. ஆனால் கேள்வியைக் கேட்ட கையோடு விடையையும் தானே எழுதிக்கொள்வது வேறு காரியம். கண்டி மண்ணில் வைத்து யோசிக்கும்போது இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் நன்றாகத் தெரிகிறது.

பச்சைச் சூரியனின் காரணம் பதின்மூன்று நாட்களுக்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. ஆகஸ்ட் 27ஆம் திகதி காலை, ஜாவாவுக்கும் சுமாத்திராவுக்கும் இடையிலுள்ள நீரிணையில் கிரகட்டோவா எரிமலை வெடித்துச் சிதறியது. கண்டியிலிருந்து அந்த இடம் நேர்கோட்டில் ஏறத்தாழ 3,100 கிலோமீட்டர். மாண்டவர்கள் 36,000க்கும் மேல். பெரும்பாலோரைக் கொண்டுபோனது கடல். இலங்கையில் சில இடங்களில் தூரத்துப் பீரங்கி முழக்கம் போல அந்த வெடிப்பு கேட்டது. காலித் துறைமுகத்தில் கடல் உள்வாங்கியது. மேலே போன நுண்தூசும் கந்தக வாயுவும் மேகங்களுக்கும் மேலான அடுக்கில் கிழக்குக் காற்றில் சிக்கி, மேற்கே ஆபிரிக்கா, அத்திலாந்திக், பசிபிக் என்று உலகை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மறுபக்கமாக இந்தியப் பெருங்கடலுக்குத் திரும்பி வந்தன. சாதாரணத் தூசு நீலத்தைச் சிதறடித்துச் சிவப்பை நம் கண்ணுக்கு விடும். ஆனால் துகள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாகவும், அந்த அளவு ஒளியின் அலைநீளத்தை ஒட்டியதாகவும் இருந்துவிட்டால் கதை மாறுகிறது: சிவப்பு சிதறிப்போய், பச்சையும் நீலமும் நேரே வந்து சேர்கின்றன.

இதைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1888இல் இலண்டன் இராயல் சொசைட்டி வெளியிட்ட பெரிய அறிக்கையைத் தொகுத்தவர் ஜி. ஜே. சைமன்ஸ். மழையை அளப்பதற்காகவே வாழ்ந்தவர் அவர். சம்பளம் வாங்காத ஆர்வலர்களைக் கொண்டு பிரித்தானியா முழுவதும் மழை அளக்கும் வலையமைப்பை அவர் கட்டியிருந்தார். அவர்களில் கணிசமானோர் கிராமத்துப் பாதிரிமார். கிரகட்டோவா அறிக்கையும் அதே வழியில்தான் உருவானது. ரொட்ரிகஸ் தீவின் பொலிஸ் தலைவர் ஜேம்ஸ் வாலிஸ், ஏறத்தாழ 4,800 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த முழக்கத்தை நேரம் குறித்து எழுதிவைத்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் ஆசிரியர் மிச்சி ஸ்மித் பச்சைச் சூரியனை நிறமாலைமானியால் பிரித்துப் பார்த்தார். ஒனலூலுவில் சமயப் போதகர் செரினோ பிஷப், செப்டம்பர் 5ஆம் திகதி சூரியனைச் சுற்றி மங்கிய செம்பழுப்பு வளையம் ஒன்றைக் கண்டார்.

போதகர் பிஷப் நினைத்திருந்தால் நியாயத்தீர்ப்பு நாள் நெருங்கிவிட்டது என்று பிரசங்கித்திருக்கலாம். கேட்க ஆளும் இருந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. கண்டதைக் கண்டபடி எழுதி, மற்ற இடங்களிலும் இது தெரிந்ததா என்று விசாரித்தார். எரிமலைத் தூசால் உண்டாகும் அந்த வளையம் இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. இறைவனில் உறுதியான நம்பிக்கை கொண்ட ஒருவர், இறைவனின் சார்பில் அவசரப்பட்டுப் பேசாமல் இருந்தார். அந்த அடக்கத்தைச் சமய ஒழுக்கம் என்றே சொல்ல வேண்டும்.

கண்டியில் மழையைப் பற்றிப் பேசினால் சமயத்தைத் தொடாமல் பேச முடியாது. எசல பெரஹராவில் தலதா மாளிகையோடு சேர்ந்து நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்களும் வருகின்றன. அந்தப் பத்தினி நம் கண்ணகி. கோவலனுக்கு நேர்ந்த அநீதிக்குப் பிறகு பாண்டிய நாட்டில் மழை பொய்த்ததையும், இலங்கை வேந்தன் கயவாகு கண்ணகிக்குக் கோட்டம் எடுத்த பிறகு அவன் நாட்டில் மழை தவறாமல் பெய்ததையும் சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை சொல்கிறது. மணிமேகலையில் இந்திர விழாவைக் கைவிட்டதால் புகாரைக் கடல் கொள்கிறது. பெரஹரா முடிந்ததும் கெட்டம்பேயில் மகாவலியின் நீரை வாளால் வெட்டி, வெட்டிய இடத்திலிருந்து குடத்தில் மொண்டு தேவாலயத்துக்கு எடுத்துச் செல்வார்கள். அடுத்த ஆண்டு நீர் வெட்டு வரை அது அங்கே இருக்கும். 1828இல் வறட்சியின்போது தலதா எனப்படும் புத்தரின் புனித தந்தத்தை வெளியே எடுத்து மக்கள் பார்வைக்கு வைத்ததாகவும், அதன்பின் ஆறு கரைபுரளும் அளவுக்கு மழை கொட்டியதாகவும் கண்டி மரபு நினைவு வைத்திருக்கிறது. அந்த வெள்ளத்துக்குத் தலதாவின் பெயரையே இட்டார்கள்.

இந்த நம்பிக்கையின் மையத்தில் ஓர் அரிய எண்ணம் இருக்கிறது: அரசன் நீதி தவறினால் வானம் அதைக் கவனிக்கும் என்பது. ஆள்பவனுக்கு மேலே ஒரு கணக்கு உண்டு என்று மக்கள் நம்பியதால் எத்தனையோ கொடுமைகள் தயங்கி நின்றிருக்கும். அதே எண்ணத்தைக் கீழ்நோக்கித் திருப்பினால் நஞ்சாகிவிடுகிறது. மழையால் அழிந்தவன் ஏதோ தப்புச் செய்திருக்க வேண்டும் என்றாகிவிடுகிறது.

1815ஐ எடுத்துக்கொள்வோம். மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கையெழுத்தாகி, மலைநாட்டின் கடைசி அரசு வீழ்ந்தது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மறு ஆண்டு வேலூருக்குக் கொண்டுபோகப்பட்டான். ஒப்பந்தம் முடிந்து ஆறு வாரம் ஆகுமுன்பே, ஏப்ரல் 10ஆம் திகதி, இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா வெடித்தது. எழுதப்பட்ட வரலாற்றில் அதைவிடப் பெரிய வெடிப்பு இல்லை. அதன் கந்தகப் படலம் 1816இல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடைகாலத்தையே இல்லாமல் செய்தது. இந்தியாவில் பருவமழையைக் குலைத்தது. அரியணை விழுந்த கையோடு உலகம் இருண்டது என்று கதை கட்ட இதைவிட வசதியான அடுக்கு கிடைக்காது.

ஆனால் 1817, 1818இல் ஊவா வெல்லஸ்ஸவில் மக்கள் பட்டினியில் செத்ததற்குத் தம்போராவைத் தேடிப் போகத் தேவையில்லை. பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக அங்கே எழுந்த கிளர்ச்சியை அடக்க ஆளுநர் பிரவுன்றிக்கின் படைகள் ஊர்களைக் கொளுத்தின, குளங்களை உடைத்தன, கால்நடைகளைக் கொன்றன, விளைநிலங்களை அழித்தன. அந்தப் பஞ்சத்தை வானத்தின் தலையில் கட்டினாலும் சரி, செத்தவர்களின் முற்பிறப்பின் தலையில் கட்டினாலும் சரி, தப்பிப்பவர்கள் தீ வைத்தவர்கள்தான். அப்போதைய மழையையும் வெப்பத்தையும் யாராவது நாள்தோறும் எழுதி வைத்திருந்தால், இயற்கையின் பங்கு எவ்வளவு, மனிதக் கையின் பங்கு எவ்வளவு என்று இன்று பிரித்துச் சொல்லியிருக்கலாம். கணக்கு இல்லாத இடத்தில் வலியவன் சொன்ன காரணமே நிற்கும்.

காரணங்களைக் கலந்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை பௌத்தத்துக்குப் புதிதல்ல. சங்யுத்த நிகாயத்தில் மோலிய சீவகர் என்ற துறவி புத்தரிடம் வந்து, மனிதன் அனுபவிக்கும் இன்ப துன்பம் எல்லாமே முன்வினைப் பயன்தான் என்று சிலர் சொல்கிறார்களே, சரியா என்று கேட்கிறார். புத்தர் எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டுகிறார்: பித்தம், கபம், வாதம், மூன்றும் கூடுவது, பருவ மாற்றம், தன் உடலைத் தானே பேணாமை, பிறர் தாக்குவது, கடைசியாக வினைப்பயன். எட்டில் ஒன்றுதான் வினை. எல்லாவற்றையும் வினை என்பவர்கள் தாம் அறிந்ததையும் மீறுகிறார்கள், உலகம் அறிந்ததையும் மீறுகிறார்கள் என்பது அவருடைய தீர்ப்பு. பருவ மாற்றம் தனிக் காரணமாக அந்தப் பட்டியலில் நிற்பதை மலைநாட்டுக்காரர்கள் இரண்டு முறை வாசிக்க வேண்டும்.

பாளி உரையாசிரியர்கள் இதை இன்னும் ஒழுங்காக வகுத்தார்கள். உலகில் ஐந்து நியதிகள் இயங்குகின்றன: பருவத்தின் நியதி, விதையின் நியதி, வினையின் நியதி, மனத்தின் நியதி, தம்மத்தின் நியதி. காற்றும் மழையும் முதலாவதற்குள் அடங்குகின்றன. இந்த உரை மரபு உருப்பெற்றது அநுராதபுரத்தின் மகாவிகாரையில். புத்தகோசர் அங்கேயிருந்துதான் எழுதினார். ஆகவே, வெள்ளம் வந்தால் கர்மம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது இந்தத் தீவின் பௌத்தப் பாரம்பரியமே ஏற்காத சோம்பேறித்தனம்.

சைவ சித்தாந்தி இவ்வளவு எளிதில் இணங்கமாட்டார். ஆதிதைவிகம் என்று மழை, இடி, வெயில் வழியே வரும் துன்பத்தையும் அவர் வினையின் வரவாகவே கொள்வார். கன்மம் தானாக வந்து பற்றாது, இறைவன்தான் அதை உயிர்களுக்குக் கூட்டுவிக்கிறான் என்பது அவர் நிலை. இந்த மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. என்றாலும் இதற்குள்ளேயே ஒரு வரம்பும் இருக்கிறது. கூட்டுவிப்பவன் இறைவன் என்றால், இன்னாருக்கு இன்ன வினை என்று அறியக் கூடியவனும் அவன் ஒருவன்தான். மண்சரிவில் பிள்ளையை இழந்த தாயைப் பார்த்து ‘உன் வினை’ என்று சொல்லும் அதிகாரம் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இல்லை, பிரசங்கிக்கும் இல்லை. தன் துன்பத்தைத் தன் வினையாக ஏற்றுக்கொள்வது ஒருவரின் பக்குவம். பிறர் துன்பத்துக்கு அதையே சொன்னால் அது கொடுமை.

2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகம் மறக்காது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை வந்த பிறகும் அங்கேயே இருக்க நேர்ந்ததை எந்த நியதியில் சேர்ப்பது? பருவத்தில் அல்ல, முற்பிறப்பிலும் அல்ல. வீடும் காணியும் இல்லாத நிலையை உண்டாக்கிய இந்தப் பிறப்பின் வினை அது. செய்தவர்களும் வேறு ஆட்கள்.

இலங்கையில் எரிமலை கிடையாது. கண்டியின் பாறைகள் மிகப் பழைய உருமாறிய பாறைகள். நெருப்பு அடங்கிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன. இருந்தும் உலகின் மறுமூலையில் நடப்பதை இந்த ஊர் அறிய வழி இருக்கிறது. கண்டிக்கு அருகே பல்லேகலையில் உலகளாவிய நிலநடுக்கப் பதிவு வலையமைப்பைச் சேர்ந்த ஒரு நிலையம் 2000ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. அதன் பதிவுகள் எவரும் பார்க்கக் கூடியவை. எங்கோ நிலம் அதிர்ந்தால், மின்னிணைப்புள்ள பள்ளிக்கூடப் பிள்ளையும் பல்லேகலைக் கோடு நடுங்குவதைக் காணலாம்.

இங்கேதான் பார்த்தல் என்பது அறக் கேள்வியாகிறது. 2004 டிசம்பர் 26, போயா தினம். காலை 7 மணிக்குச் சற்று முன் சுமாத்திராவில் நிலம் அதிர்ந்தது. அந்த அதிர்வு சில நிமிடங்களில் பல்லேகலைக் கருவியை வந்தடைந்து பதிவானது. அது எழுப்பிய ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைய ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. கருவி அறிந்ததைக் கல்முனையிலும் முல்லைத்தீவிலும் இருந்தவர்களுக்குச் சொல்ல ஒரு வழி இருக்கவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பே அப்போது கிடையாது. இத்தனை பேரும் ஒரே நாளில் சாக என்ன கூட்டு வினை என்று அதன்பின் பல மேடைகளில் பேசப்பட்டது. இடையில் கிடந்த அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி அவ்வளவு பேசப்படவில்லை.

இப்போது ஆர்வலர்களின் கையில் கருவிகள் கூடியிருக்கின்றன. 2022 ஜனவரி 15ஆம் திகதி தொங்கா தீவுகளில் ஹுங்கா எரிமலை வெடித்தபோது எழுந்த அழுத்த அலை உலகைப் பலமுறை சுற்றியது. வீட்டுக் கூரையில் சிறு வானிலை நிலையம் வைத்திருந்த சாதாரண மக்கள், பல நாடுகளில், தங்கள் அழுத்தமானி ஓரிரு ஹெக்டோபாஸ்கல் துள்ளி இறங்கியதைக் கண்டார்கள். தூரத்தையும் வேகத்தையும் கணக்குப் போட்டால், பட்டிப் பொங்கல் நாளின் இரவு 8 மணியை ஒட்டி அந்த அலை கண்டியைக் கடந்து போயிருக்க வேண்டும். ஒருவர் காதிலும் விழவில்லை. 2020 ஆகஸ்ட் 29ஆம் திகதி இரவு கண்டிக்கு அருகே திகனப் பகுதியில் வீடுகள் அதிர்ந்தபோது நிலைமை வேறு. விக்டோரியா அணைக்கட்டு பக்கத்தில் இருப்பதால் பயமும் அதிகம். அந்த நேரத்தில் மக்களுக்கு வேண்டியிருந்தது ஆறுதலும் அளவும். இரண்டும் சேர்ந்தே வேண்டியிருந்தது.

எரிமலைக்கும் கண்டி மழைக்கும் உண்மையில் என்ன உறவு? வெப்பமண்டலத்தில் நிகழும் மிகப் பெரிய வெடிப்புகள் மேலே அனுப்பும் கந்தக வாயு நுண்துளிகளாகிச் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. 1991 ஜூன் 15ஆம் திகதி பிலிப்பைன்ஸின் பினத்துபோ வெடித்ததும், உலகின் சராசரி வெப்பம் ஏறத்தாழ அரைப் பாகை தணிந்து மறு ஆண்டு முழுதும் அப்படியே இருந்தது. நிலம் கடலைவிட வேகமாகக் குளிர்வதால் பருவக்காற்றின் இழுப்பு தளரும். ஆசியப் பருவமழை மெலியும் சாத்தியம் உண்டு. ஆனால் கண்டிக்கு இரண்டு பருவக்காற்றுகள், அவற்றின் இடைக்காலத்து மாலை மழை, வங்கக்கடல் தாழமுக்கம், பசிபிக்கின் எல் நினோ என்று பல கைகள் மழை கொடுக்கின்றன. ஓர் ஆண்டின் குறைவைக் காட்டி இது இந்த எரிமலையால் என்று விரல் நீட்ட முடியாது. பல பத்தாண்டுகளின் அன்றாடப் பதிவு இருந்தால்தான் அந்த மெல்லிய தடம் தெரிய வரும்.

2025 நவம்பர் 23ஆம் திகதி எத்தியோப்பியாவில் ஹெய்லி குப்பி எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் அரபுக்கடலைக் கடந்து டெல்லி வானம் வரை வந்தது. அதே வாரத்தில் டித்வா புயல் இலங்கையை உலுக்கியது. 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி மாவட்டம்தான் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது. கம்பளையில் மகாவலி ஊருக்குள் புகுந்தது. இரண்டையும் முடிச்சுப் போட மனம் தாவுவது இயல்பு. நம் தருக்க நூலார் இதற்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள்: காகதாலீயம், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. சாம்பல் போனது வடக்கே, விமானங்கள் பறக்கும் உயரத்தில். புயல் உருவானது வங்கக்கடலின் வெதுவெதுப்பான நீரில். இதைச் சொல்ல முடிவதற்குக் காரணம், ஒன்றை ஒருவரும் மற்றதை இன்னொருவரும் நேரம் தவறாமல் கவனித்து எழுதியதுதான்.

பார்த்து எழுதும் பழக்கம் மலைநாட்டுக்குப் புதிதல்ல. 1880 முதல் 1882 வரை பேராதனையில் இருந்த மார்ஷல் வார்ட், கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைக் காற்றில் காட்டி, கோப்பித் துருவின் வித்துகள் காற்றோடு வந்து ஒட்டுவதைக் காண்பித்தார். மழைமானி வைத்துக் கணக்கு எழுதும் வழக்கம் தோட்டங்களில் தலைமுறைகளாக இருக்கிறது. காலை எட்டரைக்கு ஒருவர் போய், புனலுக்குக் கீழே சேர்ந்த நீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, நீரின் மேல்விளிம்பை அல்ல, நடுவே குழிந்த இடத்தை வாசித்து எழுத வேண்டும். மழை பெய்யாத நாளில் சுழியம் எழுத வேண்டும். விரும்பியதை எழுத முடியாது, விட்ட நாளை நினைவிலிருந்து நிரப்பவும் கூடாது. தன் விருப்பு வெறுப்பை ஒதுக்கிவைத்து இருப்பதை இருக்கிறபடி காணும் பயிற்சி இது. விபஸ்ஸனா ஆசிரியர்கள் கேட்பதும் இதுதான். பிரார்த்தனைக்கு முன் மனம் அடங்க வேண்டும் என்ற சைவப் பெரியவர்கள் கேட்பதும் இதுதான். மழையளப்பவர் சமயத்தை விட்டு விலகிப் போகிறார் என்ற எண்ணம் தவறு.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு எளிய அளவுகோல் வைத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் இடத்தை விட்டு வெளியேறுதல். ஒரு பள்ளத்தாக்கில் கொட்டும் மழை அடுத்த மலையில் தூறலாக இருக்கும். அதனால் தூரத்து நிலையத்தின் எண் நம் ஊருக்கு உதவாது. மலையகத்தில் விகாரையோ கோவிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ இல்லாத தோட்டமும் கிராமமும் அரிது. இரவில் மணி அடிக்கக் கூடியதும் ஒலிபெருக்கி உள்ளதும் அங்கேதான். அந்த வளவுகளில் ஒரு மழைமானியும் ஒரு கொப்பியும் வைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு திருவிழாப் பந்தலுக்கு ஆவதில் சிறு பகுதிதான். போயா நாளில் பௌத்த உபதேசமான பண கேட்க வருபவர்களுக்கும் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருபவர்களுக்கும் அந்த வார மழைக் கணக்கை வாசித்துக் காட்டலாம். எண் நூறைத் தாண்டிய இரவில் தோட்டத்தின் மேல் பிரிவு லயத்துக்கு ஓடிப்போய்க் கதவைத் தட்டுவது யார் என்பதையும் அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும், பெயர் சொல்லித் தீர்மானிக்கலாம்.